'நீங்களே போட்டுக்கொள்ளலாமே'

கொஞ்ச காலமாக நம்மிடையே ஒரு வாசகம் புழங்குகிறது. கவிதை அனுப்பியவருக்கு, நாவலின் முதல் அத்தியாயத்தை அனுப்பியவருக்கு, கூட்டம் முடிந்து டீக்கடைக்குப் போகும் வழியில் கூச்சத்தோடு நோட்டை நீட்டியவருக்கு — எல்லோருக்கும் ஒரே பதில்தான்: "இப்போதுதான் எல்லாம் இலவசமாகக் கிடைக்கிறதே, சொந்தமாக ஒரு தளம் தொடங்கி நீங்களே போட்டுக்கொள்ளலாமே." சொல்பவர் முகத்தில் அன்னதானம் செய்துவிட்ட நிறைவு. கேட்பவருக்கு மறுவார்த்தை கிடையாது. பிரசுரத்துக்கு ஏற்றதாக இல்லை என்று சொல்லியிருந்தால் ஏன் என்று கேட்டிருக்கலாம், சண்டை போட்டிருக்கலாம். இதற்கு என்ன சொல்வது? நன்றி சொல்லிவிட்டுப் போகவேண்டியதுதான்.

இது நிராகரிப்பின் புதிய வடிவம் என்கிறேன். பழைய நிராகரிப்பில், படித்துப் பார்த்த அடையாளமாவது ஒட்டிக்கொண்டிருக்கும். மூலையில் பென்சில் கீறல், "மூன்றாவது கவிதை பரவாயில்லை" என்று தபால் கார்டில் ஒரு வரி. இந்தப் புதிய தாராளத்துக்குப் படித்துப் பார்க்கும் சிரமம்கூடத் தேவையில்லை.

இதை எழுதுகிற நான் யோக்கியன் என்று யாரும் நினைக்கவேண்டாம். 2012இல் நாங்கள் நான்கைந்து பேர் கையைச் சுட்டுக்கொண்டு ஒரு பத்திரிகை நடத்திக்கொண்டிருந்தோம். (ஏழு இதழ்கள். எட்டாவது இன்னும் அச்சகத்தில் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள்.) வந்தவாசிப் பக்கத்துப் பையன் ஒருவன், ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் கான்ட்ராக்ட் ஆள், ஸ்ரீபெரும்புதூரில் என் அறைக்கு மூன்று முறை வந்தான், நோட்டுப் புத்தகத்தோடு. இரண்டாவது ஷிப்ட் முடிந்து, குளித்துவிட்டு, தலையில் ஈரத்தோடு. கவிதைகளில் கோஷம் இல்லை. இயந்திரத்தைப் பார்த்து மலைத்துப்போகிற கிராமத்துப் பையனின் அசட்டு வியப்பும் இல்லை. கம்பெனி பஸ்ஸில் நின்றபடியே தூங்குகிறவர்கள், கம்பி வேலி போட்ட பின்பும் அதே இடத்தில் வந்து இறங்குகிற கொக்குகள், மாதம் ஒரு தடவை மாறுகிற அறைத் தோழர்களின் சோப்பு வாசனை. பாதி கச்சா. பாதியில் யாராவது உட்கார்ந்து அவனோடு வரி வரியாகப் பேசியிருக்கவேண்டும். மூன்றாவது முறை வந்தபோது நான் அந்த வாசகத்தைச் சொன்னேன். சொன்னதோடு நிற்காமல், என் கம்ப்யூட்டரிலேயே அவனுக்கு ஓர் இலவச இடம் பிடித்துக் கொடுத்து, தமிழில் தட்டச்சு செய்யவும் காட்டிக்கொடுத்தேன். பெரிய உபகாரம் செய்துவிட்டதாகத்தான் அன்றிரவு தூங்கினேன்.

ஆறு வருஷம் எழுதினான். தொண்ணூற்றுச் சொச்சம் கவிதைகள் என்று அவன் கணக்கு. நான் படித்தது பத்து இருக்கலாம். மற்ற நண்பர்கள் அதுவும் இல்லை. பிறகு அந்த இடத்தை நடத்தியவர்கள் கடையை மூடினார்கள். மூடப்போகிறோம், உங்கள் சாமான்களை எடுத்துக்கொள்ளுங்கள் என்ற அறிவிப்பு அவன் எப்போதோ விட்டுவிட்ட ஒரு மின்னஞ்சல் முகவரிக்குப் போய்ச் சேர்ந்தது. போன வருஷம் சுங்குவார்சத்திரத்தில் பார்த்தேன், ஷேர் ஆட்டோ ஓட்டுகிறான். தளம் என்ன ஆயிற்று என்றேன். "அதுவா அண்ணா, அவன் அப்பவே மூடிட்டுப் போய்ட்டானே." கம்பெனியைச் சொல்கிறான் என்று நினைத்தேன். இந்தப் பக்கத்தில் மூடிவிட்டுப் போனான் என்றால் கம்பெனியைத்தான் நினைக்கத் தோன்றும். 2006இல் உற்பத்தி தொடங்கிய நோக்கியா தொழிற்சாலை 2014 நவம்பர் 1ஆம் தேதி நின்றதைப் பார்த்தவர்கள் நாங்கள். எழுதுகிறாயா என்று கேட்டேன். "எதுக்குண்ணா?" என்றான். கோபமாகச் சொல்லவில்லை. சவாரி கிடைத்ததும் போய்விட்டான்.

இந்த மூன்று மாதமாக, இரவில் இந்த இலவசங்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். நான் கம்ப்யூட்டர் நிபுணன் அல்ல. இருங்காட்டுக்கோட்டையில் ஓர் உதிரிபாகக் கம்பெனியின் ஸ்டோர்ஸில் சரக்குக் கணக்கு எழுதுகிறவன். ஆனால் 'நீங்களே போட்டுக்கொள்ளலாமே' என்று வாய் கூசாமல் சொல்கிற நம் விமர்சகர்களில் ஒருவர்கூட இவற்றில் ஒன்றையாவது திறந்து, ஒரு தமிழ்க் கவிதையை அதில் இட்டு, அந்தக் கவிதைக்கு அங்கே என்ன நேர்கிறது என்று பார்த்ததில்லை என்பதை என்னால் அடித்துச் சொல்லமுடியும். பார்த்திருந்தால் வாசகம் இவ்வளவு சரளமாக வராது.

பிளாகரிலிருந்து ஆரம்பிக்கலாம். 1999இல் பைரா லேப்ஸ் என்ற சின்ன நிறுவனம் தொடங்கியது. 2003இல் கூகிள் வாங்கிக்கொண்டது. தமிழில் வலைப்பதிவு என்கிற காரியம் முளைவிட்டதும் அந்த 2003ஐ ஒட்டித்தான். அடுத்த வருஷமே காசி ஆறுமுகத்தின் 'தமிழ்மணம்' இவற்றையெல்லாம் ஓரிடத்தில் திரட்டித் தந்தது. இதன் நன்மையை மறுப்பவன் மூடன். டொரண்டோவில் இருப்பவரும் திருப்பூரில் இருப்பவரும் எந்த ஆசிரியரின் கடாட்சத்துக்கும் காத்திராமல் எழுதிய காலம் அது. 'அழியாச் சுடர்கள்' என்ற பதிவு இல்லாமலிருந்தால் நம் இளைஞர்கள் பலர் மௌனியின் பெயரைக் கேட்டிருப்பார்களே ஒழிய ஒரு கதையைப் படித்திருக்கமாட்டார்கள். வலையில் வருவது இலக்கியமே இல்லை என்று முகம் சுளிக்கிற கோஷ்டியோடு எனக்குப் பேச்சில்லை. அவர்கள் ஆஃப்செட்டையும் அப்படித்தான் பார்த்தார்கள்.

ஆனால் பிளாகரில் தமிழில் தலைப்பிட்டுப் பிரசுரித்தால் என்ன ஆகிறது? ஒவ்வொரு பதிவுக்கும் அது தானாக ஒரு முகவரி தருகிறது. ஆங்கிலத் தலைப்பாக இருந்தால் அந்தத் தலைப்பையே முகவரியாக்கும். தமிழ் எழுத்தை அது அந்த இடத்தில் எழுத்தாகவே மதிப்பதில்லை, உதறிவிடுகிறது. எஞ்சுவது 'பிளாக்-போஸ்ட்' என்ற மொட்டைப் பெயர். அடுத்த கவிதைக்கும் அதே பெயர், ஓர் எண்ணை ஒட்டிக்கொண்டு. பிரசுரிக்கும் முன் கையால் வேறு முகவரி இட்டுக்கொள்ள வழி இருக்கிறது. யார் சொல்லிக்கொடுத்தோம்? இருபது வருஷத் தமிழ்க் கவிதையில் ஒரு பெரும் பகுதிக்கு அந்த வீட்டில் பெயர் கிடையாது, வரிசை எண்தான்.

முகவரி விஷயத்தில் இன்னொரு கதை. 2012இல் கூகிள் இந்த இடத்தைத் தேசவாரியாகப் பிரித்து, இந்தியாவில் படிப்பவர்களை 'பிளாக்ஸ்பாட்.இன்' என்ற வாசலுக்குத் திருப்பிவிட்டது. சில வருஷங்களில் திருப்பிவிடுவதை நிறுத்தியும்விட்டது. இடையில், நம்மவர்கள் கட்டுரைகளிலும் புத்தக முன்னுரைகளிலும் அந்த 'இன்' முகவரியையே பத்திரமாக எழுதிவைத்தார்கள். 2020இல் அந்தப் பெயர் கூகிளின் கையை விட்டே போயிற்று. காலத்தில் புதுப்பிக்கவில்லை, வேறு யாரோ எடுத்துக்கொண்டார்கள். எழுத்துகள் பழைய 'காம்' வாசலில் அப்படியேதான் இருந்தன, இருக்கின்றன. ஆனால் நாம் குறித்துவைத்த அத்தனை முகவரிகளும் ஒரே நாளில் செத்தன. உலகத்தின் மிகப் பெரிய நிறுவனங்களில் ஒன்றுக்கு ஒரு பெயரின் வருஷச் சந்தா நினைவில் இல்லை! சிற்றிதழ்க்காரனுக்குச் சந்தா நினைவில்லை என்று கேலி செய்பவர்கள் இதையும் குறித்துக்கொள்ளட்டும்.

வேர்ட்பிரஸ் தமிழை உதறுவதில்லை, முகவரியில் ஏற்றுக்கொள்கிறது. ஏற்றுக்கொள்ளும் விதம்தான் வேடிக்கை. அந்த முகவரியை நகலெடுத்து ஒருவருக்கு அனுப்பிப் பாருங்கள். யூனிகோடில் நம் எழுத்தின் புள்ளி ஒரு குறி, துணைக்கால் ஒரு குறி. முகவரியில் ஒவ்வொரு குறியும் சதவிகிதக் குறிகளும் எண்களுமாக ஒன்பது இடம் அடைக்கிறது. 'அம்மா' என்று தலைப்பு வைத்தால் நாற்பத்தைந்து இடம். மொத்தம் இருநூறு இடத்துக்கு மேல் அது வைத்துக்கொள்ளாது, ஆகவே சுமார் இருபத்திரண்டு குறிகளோடு தலைப்பு வெட்டுப்படும். ஒற்றின் புள்ளி மட்டும் வெட்டுப்பட்டு மெய் உயிர்மெய்யாகி நிற்கும் அழகையும் பார்க்கலாம். நீளமாகத் தலைப்பு வைக்கிற நம் கவிஞர்களுக்கு இது தண்டனையா வரப்பிரசாதமா என்பது வேறு விவாதம்.

வேர்ட்பிரஸ் என்ற ஒரு பெயரில் இரண்டு சரக்குகள் இருப்பதைத்தான் இங்கே முக்கியமாகச் சொல்லவேண்டும். ஒன்று 2003இல் மேட் முல்லன்வெக்கும் மைக் லிட்டிலும் தொடங்கிய மென்பொருள். அதன் நிரல் யாருக்கும் சொந்தம், எடுத்து நம் இடத்தில் நிறுவிக்கொள்ளலாம், மாற்றலாம், இன்னொருவருக்குக் கொடுக்கலாம். மற்றது அதே பெயரில் ஒரு கம்பெனி நடத்தும் இலவச இடம். அங்கே உங்கள் கவிதைக்குப் பக்கத்தில் விளம்பரம் வரும், இடத்தின் அளவும் அவர்கள் இஷ்டம். 2022இல் இலவச அளவைச் சடாரென்று குறைத்தார்கள், முணுமுணுப்பு எழுந்ததும் கொஞ்சம் ஏற்றினார்கள். ஆங்கிலத்தில் இந்த இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு அவர்கள் நாற்பது வருஷமாக விளக்கம் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். தமிழில் அந்தக் குழப்பத்துக்கு இடமே இல்லை. ஒன்று இலவசம், மற்றது கட்டற்றது. தேர்தல் அறிக்கையைப் படித்து வளர்ந்த எந்தத் தமிழனுக்கும் இலவசம் என்றால் கொடுப்பவன் கை மேலே இருக்கும் என்று தெரியும். நம் விமர்சகர்கள், சொல்லின் நுட்பம் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுபவர்கள், இந்த இரண்டு சொற்களையும் ஒன்றாக்கிச் சொல்கிறார்கள்.

மூன்றாவது வகை, விஷயம் தெரிந்த இளைஞர்கள் சிபாரிசு செய்வது. ஜெகில், ஹியூகோ போன்ற கட்டற்ற கருவிகள். எழுத்தைச் சாதாரண உரைக் கோப்பாக நம்மிடமே வைத்துக்கொள்ளலாம். கருவி அதைத் தளமாக்கித் தரும். கிட்ஹப் பேஜஸ் போன்ற இடத்தில் காசில்லாமல் வைக்கலாம். (கிட்ஹப்பையும் 2018இல் மைக்ரோசாஃப்ட் வாங்கிவிட்டது, அது இருக்கட்டும்.) எனக்கு இதுதான் பிடித்தது, ஏனென்றால் கூரை போனாலும் பண்டம் நம்மிடம் இருக்கிறது. ஆனால் முதல் கவிதையை இட்டபோது நடந்ததைச் சொல்லியாகவேண்டும். இந்தக் கருவிகளில் எழுத மார்க்டவுன் என்ற குறிமுறை. அதன் விதிப்படி ஒரு வரி முடிந்து அடுத்த வரி தொடங்கினால் அது வரி முறிவு ஆகாது. இரண்டையும் சேர்த்து ஒரே பத்தியாக ஓட்டிவிடும். பன்னிரண்டு வரிக் கவிதை ஒரு பத்தி வசனமாக வந்து நின்றது. வசனத்தை உடைத்துப் போட்டால் புதுக்கவிதையா என்று நம்மைப் பார்த்து அறுபது வருஷத்துக்கு மேலாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்களே, அந்தப் பண்டிதர்களின் ஆவி இந்த இயந்திரத்தில் புகுந்து உடைத்ததை ஒட்டிவைத்துவிட்டது! பரிகாரம் எளிது, வரிக் கடைசியில் இரண்டு இடைவெளி விடவேண்டும். கண்ணுக்குத் தெரியாத இரண்டு வெற்றிடங்கள். தெரியாதவர்கள் எத்தனை பேர் தங்கள் கவிதை வசனமாகிக் கிடப்பதைப் பார்த்து, சரி, இணையத்தில் இப்படித்தான் போலிருக்கிறது என்று விட்டிருப்பார்கள்?

இதெல்லாம் கம்ப்யூட்டர் வைத்திருப்பவனுக்கு. வல்லம் வடகாலில் சிப்காட் வளாகத்தில் 2024 ஆகஸ்டில் திறந்த விடுதியில் 18,720 படுக்கைகள். சுற்றிலும் தனியார் விடுதிகள் வேறு. அங்கே இருக்கிற பெண்களிடம் இருப்பது கைபேசி. ஷிப்டுக்கு ஷிப்ட் கேட்டில் ஒப்படைத்துவிட்டுப் போகிற கைபேசி. எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள், எனக்குத் தெரியும். வாட்ஸாப் ஸ்டேட்டஸில் எழுதுகிறார்கள். இருபத்துநான்கு மணி நேரத்தில் அது அழியும். அவர்களுக்கு நாம் சிபாரிசு செய்கிற இலவசத் தளமும் குணத்தில் விடுதிக் கட்டில்தான். கட்டில் இருக்கும், விசிறி இருக்கும், கான்ட்ராக்ட் இருக்கும்வரை யாரும் எழுப்பமாட்டார்கள். அது தீரும் அன்று பெட்டி வாசலுக்கு வரும். எங்கள் பக்கத்துப் பெண்கள் அதனால்தான் பெட்டியை அவிழ்க்காமலே வைத்திருப்பார்கள். எழுதுகிறவர்களுக்கு அந்த எச்சரிக்கையையாவது நாம் சொன்னோமா?

1999இல் யாஹூ வாங்கிய ஜியோசிட்டீஸ் 2009இல் மூடப்பட்டது. அதே யாஹூவின் குழுமங்களில் — ராயர் காபி கிளப், மரத்தடி என்று நம்மவர்கள் ராத்திரி பகலாக விவாதித்த இடங்கள் அங்கேதான் இருந்தன — சேமித்திருந்ததையெல்லாம் 2019 டிசம்பரில் நீக்கத் தொடங்கினார்கள், மறு வருஷம் டிசம்பரில் குழுமங்களையே மூடினார்கள். பிரதி எடுத்துவைத்தவர்களிடம் பிரதி இருக்கும். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் இன்றும் இருப்பது எப்படி? முன்பு திஸ்கியில் வைத்திருந்தார்கள். யூனிகோடு வந்தபோது அதற்கு மாற்றிக்கொண்டார்கள். மாற்ற முடிந்தது, ஏனென்றால் கோப்புகள் அவர்கள் கையில் இருந்தன, அவற்றைப் பார்த்துக்கொள்ள ஆட்கள் இருந்தார்கள். 2005 முதல் ஈழத்து எழுத்தைச் சேகரிக்கிற நூலகம் திட்டமும் அப்படித்தான். இந்த இரண்டிலும் யாரும் யாரிடமும் 'நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்' என்று சொல்லவில்லை. கொடுங்கள், நாங்கள் தட்டச்சு செய்கிறோம், மெய்ப்புப் பார்க்கிறோம் என்றார்கள்.

நண்பர் ஒருவர் — இந்த வாசகத்தின் தத்துவவாதி அவர் — ராமாநுஜரை இழுக்கிறார். நம் ஸ்ரீபெரும்புதூரில் பிறந்தவர்தானே, மறைத்துவைத்த மந்திரத்தைத் திருக்கோஷ்டியூர்க் கோபுரத்தில் ஏறி ஊருக்கெல்லாம் சொன்னாரே, இலவசப் பிரசுரத்துக்கு அவரல்லவா ஆதிபுருஷர் என்கிறார். கூட்டத்தில் கைதட்டல். எனக்கும் அந்தக் கதை பிடிக்கும். ஆனால் அவர் சொல்லாமல் விட்ட முன்பாதி ஒன்று இருக்கிறது. கோபுரம் ஏறுவதற்கு முன் ராமாநுஜர் ஸ்ரீரங்கத்திலிருந்து திருக்கோஷ்டியூர் நம்பியிடம் பதினெட்டு முறை நடந்தார் என்கிறது குருபரம்பரை. நம்பி திருப்பித் திருப்பி அனுப்பினார். ஆனால் கதவைத் திறந்து, இவன் யார், எதற்கு வருகிறான் என்று பார்த்துத்தான் அனுப்பினார். முதல் தடவையே "உமக்குத்தான் கோபுரம் இருக்கிறதே, நீரே ஏறிக் கூவிக்கொள்ளும்" என்று சொல்லியிருந்தால் கூவுவதற்கு மந்திரம் ஏது? என்னிடம் ஒரகடத்திலிருந்து ஒருவன் மூன்று முறை வந்தான். மூன்றாவது முறையே நான் கோபுரத்தைக் காட்டிவிட்டேன்.

சி.சு. செல்லப்பா 1959இலிருந்து 1970 வரை 'எழுத்து' நடத்தினார், புத்தகங்களை மூட்டையாகச் சுமந்து ஊர் ஊராகப் போய் விற்றார் என்பதை நாம் விழா மலர்களில் உருகி உருகி எழுதுகிறோம். சுமந்த மூட்டையைவிட எனக்கு முக்கியம், புதிதாக எழுத வந்தவர்களை அவர் உட்காரவைத்துப் படித்தது. அந்த உழைப்புக்கு இன்றுவரை எந்த இலவசக் கருவியும் வரவில்லை. காகிதமும் மையும் தபால் தலையும் இல்லாமலாகிவிட்டதால் நமக்குக் கிடைத்த நேரமும் பணமும் எங்கே போயிற்று என்று ஒவ்வொருவரும் கணக்குப் பார்க்கட்டும். என் கணக்கு எனக்குத் தெரியும், வெட்கமாக இருக்கிறது.

ஆகவே, அந்த வாசகத்தை இனிமேல் சொல்வதாக இருந்தால் கூடவே செய்யவேண்டியவை உண்டு. ஒரு பெயரைப் பதிவுசெய்ய வருஷத்துக்குச் சுமார் ஆயிரம் ரூபாய் ஆகும், ஓர் இதழின் தபால் செலவு அளவுக்குக்கூட வராது. அதை நாலு பேர் போட்டு, நம் பொறுப்பில் ஒரு பொதுத் தளம் வைக்கலாம். வருகிற எழுத்தை யூனிகோடில் சாதாரண உரைக் கோப்பாக மூன்று பேர் மூன்று இடத்தில் வைத்துக்கொள்ளவேண்டும். தலைப்புக்கு முகவரியைக் கையால் இடவேண்டும். வரிக் கடைசியில் அந்த இரண்டு வெற்றிடங்களை விட ஒருவர் வேண்டும், அவர் கவிதை படிக்கத் தெரிந்தவராக இருந்தால் நல்லது. இலவச இடத்தில் ஏற்கனவே எழுதிவருகிறவர்களுக்கு, பிளாகரிலும் வேர்ட்பிரஸ்ஸிலும் மொத்தத்தையும் ஒரே கோப்பாக இறக்கிக்கொள்ள வசதி இருக்கிறது என்பதைச் சொல்லி, அவர்கள் முன்னாலேயே அதை இறக்கிக் காட்டவேண்டும். பத்து நிமிஷ வேலை. இதையெல்லாம் செய்ய மனமில்லை என்றால், பிடிக்கவில்லை என்று முகத்துக்கு நேரே சொல்லித் திருப்பியனுப்புங்கள். அது மேல்.

அந்தப் பையனிடம் — இப்போது பையன் இல்லை, இரண்டு குழந்தைகள் — மறுபடியும் பேசினேன். தளத்தில் இட்டதெல்லாம் போனது போனதுதான். ஆனால் தட்டச்சு செய்வதற்கு முன் எழுதிப் பார்த்த நோட்டுகள் வந்தவாசிப் பக்கத்து வீட்டில் பரண்மேல் இருக்கலாம் என்கிறான். கறையான் பிடித்திருக்கலாம் என்றும் சொல்கிறான். அடுத்த மாத முதல் ஞாயிறு போகிறோம், அவன் ஆட்டோவிலேயே. தட்டச்சு செய்யத் தெரிந்த ஒருவருக்கு இடம் இருக்கிறது. வருகிறவர்கள் காலை ஆறரைக்குள் ஒரகடம் கூட்டுச் சாலைக்கு வந்துவிடவேண்டும்.